சுகர் மாத்திரை வரிசையில் காலை யார் பார்ப்பது?

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை தரும் நாளில் காலை எட்டு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். வெறும் வயிற்றில் வந்தவர்கள் ரத்தம் கொடுத்துவிட்டு, தூக்குச்சட்டியைத் திறந்து இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் விரலை நீட்டுவார்கள். நர்ஸ் பி.பி. பார்ப்பார். டாக்டர் நோட்டைப் புரட்டுவார். "240 இருக்கே, வாயைக் கட்டலையா?" என்பார். "கல்யாண வீடு சார்" என்று பதில் வரும். மாத்திரை ஒன்று கூடும், அல்லது பழையதே தொடரும். ஒரு மாத மாத்திரையை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளில் தன் ஜோடியைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

விரலைப் பார்த்தாயிற்று, கையைப் பார்த்தாயிற்று, நோட்டையும் பார்த்தாயிற்று. மேஜைக்கு அடியில் இருந்த பாதத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. தனியார் கிளினிக்கில் 300 ரூபாய் கட்டணம் கொடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். ஷூவைக் கழற்றச் சொல்லும் டாக்டர் அபூர்வம். கழற்றிக் காட்டும் நோயாளி அதைவிட அபூர்வம். "கால் அழுக்கா இருக்கு, டாக்டர் முன்னாடி எப்படி நீட்டறது?" என்ற கூச்சம் நம்மில் பலருக்கு உண்டு. பெரியவர் முன்னால் கால் நீட்டக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம்.

சர்க்கரை நோயால் காலை இழந்தவர்களின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு சின்னப் புண்ணில் போய் நிற்கும். இப்படி அகற்றப்படும் கால்களில் சுமார் 85 சதவீதம், முதலில் ஆறாத புண்ணாகத்தான் தொடங்கியிருக்கின்றன என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. புண் வருவதற்கு முன்பே அது வரப்போகும் கால் எது என்று கண்டுபிடிக்கவும் முடியும். அதற்கு ஸ்கேன் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். மூன்று நிமிடமும், குனிந்து பார்க்க ஓர் ஆளும் போதும். அந்த மூன்று நிமிடம் நடக்க வேண்டிய இடம் ஊர் சுகாதார நிலையமும், தெருமுனை கிளினிக்கும்தான்.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் போன இடம் நம்முடைய வேலூர். டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில் மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது பலரும் நம்பியிருந்தார்கள். பிராண்ட் கூர்ந்து கவனித்தார். நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது. அதனால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார்கள், ஆணி குத்திய காலோடு நடக்கிறார்கள். ராத்திரி தூக்கத்தில் எலி வந்து விரலைக் கடித்தாலும் விழிப்பதில்லை. இதைக் கண்டுபிடித்த பிறகு, நோயாளிகளுக்குத் துணையாகப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள் என்பது வேலூர் வரலாற்றில் ஒரு சுவையான பக்கம்.

1966-ல் பிராண்ட் அமெரிக்கா போனார். அங்கே தொழுநோய் குறைவு. ஆனால் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களில் அவர் வேலூரில் பார்த்த அதே புண்கள் இருந்தன. வலி தெரியாத கால், தொடர்ந்து விழும் அழுத்தம், ஆறாத குழிப்புண். காரணமான நோய்தான் வேறு. கால் அகற்றும் அறுவை சிகிச்சைகளைக் குறைக்க என்ன செய்யலாம் என்று அமெரிக்க அரசுத் துறையினர் அவரிடம் கேட்டபோது, புதுக் கருவியோ மருந்தோ சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். நோயாளியின் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் பாதத்தைப் பார்க்கும்படி டாக்டர்களிடம் பிரசாரம் செய்யுங்கள் என்றாராம் பிராண்ட். கால் பராமரிப்பு பற்றிய மருத்துவக் கட்டுரைகளில் இன்றும் எடுத்துச் சொல்லப்படும் சம்பவம் இது.

செருப்பு கழன்றதே தெரியலையா?

"நடந்து வந்துட்டே இருந்தேன், ஒரு செருப்பு எங்கேயோ விழுந்திருக்கு, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்." பல வருடமாக சுகர் இருக்கும் ஒருவர் இப்படிச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள், மறதி என்பார்கள். அது மறதி இல்லை. பாதத்தின் தொடு உணர்வு போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடைக்காது.

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால், உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படும். அவை பாதம் வரை போகிற நரம்புகள். அதனால்தான் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். சிலருக்கு முதலில் எரிச்சல், ஊசி குத்துவதுபோல் சுருக், பஞ்சில் நடப்பதுபோல் மதமதப்பு. ராத்திரியில் போர்வை பட்டாலே தாங்காது. பிறகு ஒருநாள் எரிச்சல் குறைந்துவிடும். "இப்ப பரவாயில்லை, நல்லாயிருக்கு" என்பார்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்து எரிச்சல் குறைந்திருந்தால் நல்லதுதான். ஆனால் சிலருக்கு அது நரம்பு சொல்வதை நிறுத்திக்கொண்டதன் அடையாளம். இன்னும் பலருக்கு எரிச்சல் எதுவும் வராமலேயே உணர்வு போய்விடுகிறது. ஆகவே, "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியாது.

உணர்வு மட்டும் போவதில்லை. பாதத்தில் வியர்க்க வைக்கும் நரம்பும் பழுதாகும். தோல் வறண்டு, குதிகால் வெடிக்கும். பாதத்தின் சிறு தசைகள் சுருங்குவதால் விரல்கள் கொக்கிபோல் மடங்கும். பாதத்தின் முன்பகுதி எலும்பு கீழே துருத்தும். அந்த இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பு விழும். நம் ஊரில் கால் ஆணி என்றும் சொல்வோம். ஷூவுக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடப்பதை நினைத்துப் பாருங்கள். காய்ப்பு செய்யும் வேலை அதுதான். மேலே கெட்டியாக இருக்கும், அடியில் சதை நசுங்கி நீர் கோத்துப் புண்ணாகும். வெளியே தெரிய வாரங்கள் ஆகும். காய்ப்பின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளியோ சிவப்புத் திட்டோ தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதோடு காலுக்குப் போகும் ரத்தக் குழாயும் அடைத்திருந்தால், பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால், ஆறவேண்டிய புண்ணும் ஆறாது. மேலை நாடுகளில் இந்த அடைப்பு பெரிய பங்கு வகிக்கிறது. நம்மூர் நோயாளிகளிடம் உணர்விழப்பும் கிருமித் தொற்றும்தான் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஒரு வகையில் இது நமக்குச் சாதகமான செய்தி. இரண்டுமே சீக்கிரம் கவனித்தால் தடுக்கக்கூடியவை.

எத்தனை பேர் பாதத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒரு கணக்கு பார்த்துவிடுவோம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர். தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு வாழ்நாளில் பாதப்புண் வரும் வாய்ப்பு 19 முதல் 34 சதவீதம் வரை என்று உலக ஆய்வுகள் கணிக்கின்றன. உங்கள் தெருவில் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பத்துப் பேர் என்றால், அவர்களில் இரண்டு மூன்று பேருக்கு என்றாவது புண் வரலாம்.

மூன்று நிமிடத்தில் என்ன பார்ப்பார்கள்?

பாதப் பரிசோதனை என்றால் பெரிய விஷயமாகத் தோன்றும். நேரில் பார்த்தால் 'இவ்வளவுதானா' என்று இருக்கும்.

முதலில் கண். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வயலிலும் ஈரத்திலும் வேலை செய்பவர்களுக்கு அங்கேதான் சேற்றுப்புண் இருக்கும், கிருமி நுழையும் வாசல் அது. குதிகால் வெடிப்பு, காய்ப்பு, நகம் சதைக்குள் வளர்ந்திருப்பது, விரல் மடங்கியிருப்பது, தோல் நிறம் மாறியிருப்பது, ஒரு பாதம் மட்டும் சூடாக இருப்பது. பெண்களுக்கு மெட்டியையும் பார்க்க வேண்டும். பாதம் வீங்கும்போது இறுகிய மெட்டி விரலை அறுப்பது வலி இல்லாதவருக்குத் தெரியாது. மெட்டியைக் கழற்றச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். பெரிதாக்கி, தளர்வாக மாட்டிக்கொள்ளச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

அடுத்து தொடு உணர்வு. மீன் பிடிக்கும் தூண்டில் நரம்புபோல ஒரு நைலான் இழை, கைப்பிடியில் பொருத்தியிருக்கும். மோனோஃபிலமென்ட் என்று பெயர். 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும்படி செய்திருக்கிறார்கள். முதலில் கையில் தொட்டுக் காட்டி, பிறகு கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலின் அடியிலும் பாதத்தின் முன்பகுதி மேடுகளிலும் இழை வளையும் வரை ஓரிரு விநாடி அழுத்துவார்கள். "தொட்டது தெரியுதா? எந்தக் கால்?" அவ்வளவுதான். இது தெரியாதவருக்கு ஆணி குத்தினாலும் தெரியாமல் போகலாம். காய்ப்பின் மேல் வைத்துப் பார்க்கக் கூடாது, அங்கே யாருக்குமே சரியாகத் தெரியாது. ஒரே இழையால் பத்துப் பேருக்கு மேல் தொடர்ந்து பார்த்தால் அது தளர்ந்துவிடும், ஒருநாள் ஓய்வு கொடுக்க வேண்டும். கூட்டம் நிறைந்த மையத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நாள் பூராவும் பார்த்தால் முடிவு தப்பாகும். விலை அதிகமில்லாத பொருள்தான், நாலைந்து வாங்கி வைக்கலாம்.

128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பின் மேல் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பதுண்டு. பிறகு நாடி. பாதத்தின் மேற்புறம் ஒன்று, உள் கணுக்காலுக்குப் பின்னால் ஒன்று. விரல் வைத்தால் துடிப்பு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டாப்ளர் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கடைசியாகச் செருப்பு. கையில் எடுத்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தால், அடியிலிருந்து ஏறியிருக்கும் ஆணி முனையோ, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த தடமோ தெரியும். நல்ல நர்ஸுக்கு அந்தத் தேய்மானமே பாதி கதையைச் சொல்லிவிடும்.

இதை டாக்டர்தான் செய்ய வேண்டும் என்றில்லை. வரிசை வாசல் வரை நீளும்போது டாக்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றாநோய்ப் பிரிவுக்கென்றே நர்ஸ் இருக்கிறார். ஒரு மணி நேரப் பயிற்சியில் இதைக் கற்றுக்கொண்டு டாக்டரைவிட நன்றாகவே செய்வார். 2000-களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் தான்சானியாவிலும் நடந்த 'ஸ்டெப் பை ஸ்டெப்' திட்டத்தில், ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் என்று ஜோடியாகத்தான் ஊர்தோறும் பயிற்சி கொடுத்தார்கள். காரணம் தெளிவு. டாக்டர் மாறுதலாகிப் போனாலும் நர்ஸ் கையில் வேலை நிற்காது.

தமிழக அரசும் 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. ஆரம்ப நிலையிலேயே பாதத்தைப் பரிசோதித்து, புண் உள்ளவரை மேல்சிகிச்சைக்கு அனுப்புவதுதான் அதன் சாரம். நல்ல தொடக்கம். இருந்தாலும் எந்தத் திட்டமும் மேஜைக்கு அடியில் குனியும் பழக்கமாக மாறினால்தான் பலன் தரும். அந்தப் பழக்கத்தை வளர்ப்பதில் நோயாளிக்கும் பங்கு உண்டு. "சார், காலையும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று கேட்பவர் பத்துப் பேர் வந்தால், பதினோராவது ஆளுக்கு டாக்டரே பார்க்க ஆரம்பிப்பார்.

இங்கே மனதில் பட்ட ஒன்று. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு, பலருக்கு சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் மாத்திரை வீடு தேடி வருவதால் டாக்டர் முகத்தையே மாதக்கணக்கில் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். அதே சமயம், வாசல் திண்ணையில் வந்து உட்காரும் அந்தத் தன்னார்வலர் அக்காதான் அவர்களின் வெறுங்காலை மிக அருகில் பார்க்கும் ஒரே சுகாதாரப் பணியாளர். மாத்திரை அட்டையை எண்ணிக் கொடுத்த பிறகு, "பாட்டி, காலைக் காட்டு" என்று அவர் ஒரு நிமிடம் செலவிட்டால், பெரியாஸ்பத்திரி கண்டுபிடிப்பதற்குப் பல வாரம் முன்பே புண் கண்ணில் பட்டுவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

மோனோஃபிலமென்ட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவான ஒரு முறைக்கு நம் ஆள்காட்டி விரலே போதும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாருக்கு சுகர் இருந்தாலும், இதைப் படிக்கும் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இன்று ராத்திரியே செய்து பார்க்கலாம்.

அவரைக் கட்டிலில் கால் நீட்டிப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். எந்தக் காலைத் தொடுகிறீர்களோ, 'வலது', 'இடது' என்று அவர் சொல்ல வேண்டும். வலது பெருவிரல் நுனி, வலது சுண்டுவிரல், பிறகு இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், கடைசியில் வலது நடுவிரல், இடது நடுவிரல். மொத்தம் ஆறு இடம். இறகு படுவதுபோல் லேசாக, ஓரிரு விநாடி. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வருடவும் கூடாது. பதில் வரவில்லையே என்று அதே விரலை மறுபடி தொடவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், அந்தப் பாதம் உணர்வை இழக்கத் தொடங்கியிருக்கலாம். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது அதைச் சொல்லி, முறையாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

பரிசோதனைக்குப் பிறகு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதற்கும் சர்வதேச வழிகாட்டுதல் இருக்கிறது. உணர்வும் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை போதும். இரண்டில் ஒன்று குறைந்திருந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. இரண்டுமே குறைந்திருந்தால், அல்லது அதோடு பாதத்தின் வடிவமும் மாறியிருந்தால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. ஏற்கெனவே புண் வந்து ஆறியவர், ஒரு விரலையாவது இழந்தவர் என்றால் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை. மாதாமாதம் மாத்திரைக்கு வருகிறவருக்கு இதற்காகத் தனியாக ஒரு நாள் கூலியை விட வேண்டியதில்லை.

கார்ன் பிளாஸ்டரும் காபித்தூளும்

கால் விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் வைத்தியங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கால் ஆணிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கி ஒட்டும் கார்ன் பிளாஸ்டரில் இருப்பது சாலிசிலிக் அமிலம். காய்ப்போடு நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். உணர்வுள்ளவர் எரிகிறது என்று பிடுங்கிப் போடுவார். உணர்வில்லாதவர் மூன்று நாள் அப்படியே விட்டுவிடுவார். பிளேடால் தாங்களே செதுக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. காய்ப்பைச் சீவ வேண்டியதுதான், சீவினால் அழுத்தம் குறையும், ஆனால் அது பயிற்சி பெற்ற கையால் நடக்க வேண்டும்.

மதமதப்புக்கு வெந்நீரில் கால் வைப்பது இன்னொரு பழக்கம். சூடு தெரியாத கால் கொப்பளித்த பிறகுதான் தெரியும். கால் கழுவத் தண்ணீர் இளஞ்சூட்டைத் தாண்டக் கூடாது, அதையும் வேறொருவர் கை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். புண்ணில் காபித்தூள், சுண்ணாம்பு, அரைத்த இலை என்று அப்புவது புண்ணின் ஆழத்தை மறைத்துவிடும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதைச் சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம் போகும்.

வெறுங்கால் நடை பற்றிச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரலாம். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். பழநிக்குப் பாதயாத்திரை என்றால் நாள்கணக்கில். சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் ஒரு சுற்று சுற்றினாலே உணர்வில்லாத பாதம் வெந்துவிடும். சாமி கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உணர்வு போன கால் என்று தெரிந்துவிட்டால், வெயில் ஏறுமுன் போகலாம், கெட்டியான சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம், நடைப் பயண நேர்த்தியை வேறு விதமாகச் செலுத்தலாம். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும் என்பது இதைவிடக் கடினமான விஷயம். "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று முகம் சுளிப்பார்கள். இதற்கென்றே ஒரு ஜோடி தனியாக வாங்கி, வெளியே எடுத்துப் போகாமல் வைத்துக்கொண்டால் அந்தச் சங்கடம் தீரும்.

எந்தச் செருப்பு? விரலிடுக்கில் வார் போகும் ரப்பர் செருப்பு வேண்டாம். வார் உராயும், விரலை இறுக்கிப் பிடித்து நடக்க வேண்டியிருக்கும். முன்பக்கம் அகலமாக, பின்னால் பட்டை வைத்து, உள்ளே மெத்தென்றும் அடியில் கெட்டியாகவும் இருப்பது நல்லது. எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்பு வேலூரில் பிராண்ட் காலத்தில் தொழுநோயாளிகளுக்காக உருவானது. இன்றும் அவர்களுக்கு அரசே இலவசமாகத் தருகிறது. உணர்விழந்த சர்க்கரைப் பாதத்துக்கும் அது பொருந்தும். தொழுநோயாளி போடும் செருப்பு என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது வெளிப்பார்வைக்குச் சாதாரணச் செருப்பு போலவே தைத்துத் தருகிறார்கள். வாங்கும்போது சாயங்காலம் போய் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் சற்று வீங்கி, உண்மையான அளவில் இருக்கும்.

புண் வந்துவிட்டால் ஓடும் கடிகாரம்

வலி இல்லாத புண்ணுக்கு யாரும் அவசரப்படுவதில்லை. விபரீதம் அங்கேதான். முதல் வாரம் வீட்டு வைத்தியம். இரண்டாம் வாரம் மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஆன்டிபயாடிக். மூன்றாம் வாரம் பக்கத்து கிளினிக்கில் ஊசியும் கட்டும். 'நாளைக்கு வாங்க, கட்டு மாத்தலாம்' என்று இன்னும் பத்து நாள். புண் பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும், உள்ளே எலும்பு வரை போயிருக்கும். பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது விரலுக்கும் பாதத்துக்கும் இடையில்தான் பேரம்.

பாதத்தில் புண்ணோடு ஒரு சர்க்கரை நோயாளி வந்தால், ஒரு வேலை நாளுக்குள் சிறப்புப் பாதப் பிரிவுக்குத் தகவல் போய்விட வேண்டும் என்பது பிரிட்டனில் விதி. அவ்வளவு வேகம் நமக்கு இன்று இல்லை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையமும் குடும்ப டாக்டரும் முதல் நாளே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. புண்ணைச் சலைன் நீரால் கழுவி, ஆழத்தைப் பார்ப்பது. முனை மழுங்கிய கம்பியால் தொட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்ப்பது. நாடி பார்ப்பது. சர்க்கரையைச் சோதித்து, தேவைப்பட்டால் இன்சுலின் தொடங்குவது. தொற்று இருந்தால் மட்டும் ஆன்டிபயாடிக். தொற்று இல்லாத புண்ணை ஆன்டிபயாடிக் ஆற்றாது.

எல்லாவற்றையும்விட, அந்த இடத்தில் எடை விழாமல் செய்வது. பாதத்தின் அடியில் புண் இருப்பவர் மருந்து கட்டிக்கொண்டு அதே காலை ஊன்றி பஸ் ஏறி வீட்டுக்குப் போனால், அந்தக் கட்டு வெறும் துணிதான். முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போட்டு எடையைப் பரவலாக்கும் முறை நல்ல பலன் தருகிறது, ரத்த ஓட்டம் சரியாக இருந்து பெரிய தொற்று இல்லாதவர்களுக்கு. நம் நாட்டில் கட்டுக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியைக்கூட ஓய்வுக்குக் கொடுப்பதில்லை. காரணமும் தெரிந்ததுதான். கொத்தனாரோ, கட்டடத்தில் சித்தாள் வேலை பார்க்கும் அக்காவோ, இட்லிக் கடை நடத்துகிறவரோ ஆறு வாரம் கால் ஊன்றாமல் எப்படி இருப்பார்? இதற்கு மருத்துவத்தில் மட்டும் விடை கிடையாது. ஆனால் ஆறு வார ஓய்வையும், கால் போன பிறகு வரும் வருடங்களையும் பக்கத்தில் வைத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டிய முதல் ஆள் ஊர் டாக்டர்தான். அவர் சொன்னால் கேட்பார்கள்.

சில அறிகுறிகளுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, நாற்றம், சீழ், விரல் கறுப்பது, காய்ச்சல், குளிர் நடுக்கம், காரணமில்லாமல் சுகர் எகிறுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஜி.ஹெச். போக வேண்டும். புண் எதுவும் இல்லாமலேயே ஒரு பாதம் மட்டும் திடீரென்று வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்தால் அதையும் இதில் சேருங்கள். 'சுளுக்கு' என்றும் 'யூரிக் ஆசிட்' என்றும் சொல்லி எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார்கள். அது சார்க்காட் பாதமாக இருக்கலாம். உணர்வற்ற பாதத்தில் எலும்புகளும் மூட்டுகளும் உள்ளுக்குள் நொறுங்குகிற நிலை. நடந்துகொண்டே இருந்தால் சில வாரங்களில் பாத வளைவு சரிந்து, படகின் அடிப்பாகம்போல் ஆகிவிடும்.

'ஆஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துடுவாங்க' என்ற பயம்தான் பலரை வீட்டிலேயே வைத்திருக்கிறது. அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. அவர்கள் பார்த்ததெல்லாம் தாமதமாகப் போய்க் காலை இழந்தவர்களைத்தான், சீக்கிரம் போய்க் காப்பாற்றிக்கொண்டவர் காலோடு நடமாடுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. அடைப்பு இருந்தால் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து காலுக்கு ரத்தம் கொண்டுவர முடியும். ஆகவே, காலை எடுக்க வேண்டும் என்று எங்காவது சொன்னால், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், "ரத்த ஓட்டம் பார்த்தீங்களா? அடைப்பை நீக்க வழியிருக்கா?" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்னொரு கருத்து கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். அதே நேரம், சீழ் ஏறி உயிருக்கே ஆபத்தான நிலையில் ஒரு விரலை எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். அந்த விரலைக் கொடுத்துப் பாதத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

புண் ஆறிய பிறகு கட்டைப் பிரித்துவிட்டு எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் ஆறிய புண்களில் சுமார் 40 சதவீதம் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகின்றன. ஐந்து வருடத்தில் 65 சதவீதம். புண் ஆறினாலும் உணர்வு திரும்பியிருக்காது, மடங்கிய விரல் நேராகியிருக்காது. நடையின் எடை மற்ற காலில் கூடுதலாக விழுந்து அந்தக் காலிலும் காய்ப்பு விழலாம். சென்னை ராயபுரம் எம்.வி. மருத்துவமனை டாக்டர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், பாதப் பராமரிப்பு பற்றிச் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களுக்குப் புண் நன்றாக ஆறியதையும், புதுப்புண் வருவது குறைந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தது புதுமையானது இல்லை. தினமும் பாதத்தைப் பார்ப்பது, குனிய முடியாதவர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைப்பது, வறண்ட இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாலும் இடுக்கில் தடவாமல் இருப்பது, நகத்தை நேராக வெட்டுவது, செருப்பைப் போடும் முன் உதறுவது போன்ற விஷயங்கள்தான்.

கண் மங்கிய பெரியவர்களுக்கு இதில் எதையும் தனியாகச் செய்ய முடியாது. சர்க்கரை பாதித்த கண்ணும் பாதமும் ஒரே ஆளிடம்தான் பல நேரம் இருக்கின்றன. வீட்டில் யாராவது ஒருவர், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு செல்போன் டார்ச்சைப் போட்டு அவர் பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் பார்க்கலாம். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் அதே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் சுகாதார நிலையத்தில் காட்டவும், அடுத்த வாரம் புண் வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவும்.